உலகத்துக்கே ஒரே ஒரு மேப்பிள்

செடிப் பண்ணைகளுக்குப் பேர்போன அங்யோ ஊரில் மேப்பிள் வளர்க்காத வீடு கிடையாது. மேப்பிளைச் சிறை வைத்திருந்தவர் மட்டும் சதாஹாரு ஒருவர்தான். தன் செடிப் பண்ணையின் மேற்கு மூலையில் நாலு பக்கமும் நாணல் தட்டி கட்டி, பக்கத்து வீட்டைப் பார்த்த பக்கத்தில் தட்டிக்கு மேலே தகரமும் அடித்திருந்தார். நடுவில் ஒரு தொட்டியில் அது நின்றது. அவர் இடுப்பளவுதான் உயரம்.

அது செய்த குற்றம் அழகாகப் பிறந்ததுதான். விதைப் பாத்தியில் முளைக்கிற கன்றுகள் எல்லாம் ஏதோ ஒரு பாட்டன் பூட்டன் சாயலில் இருக்கும். இது யாரைக் கொண்டு பிறந்தது என்றே தெரியவில்லை. வசந்தத்தில் தளிர் பால்வெள்ளையாக விரியும். நரம்பு மட்டும் பச்சை, விளிம்பில் லேசாக ரோஜா நிறம். இலை நுனிகள் பூனை நகம்போல உள்ளே மடங்கியிருக்கும். உலகத்திலேயே இப்படி இன்னொன்று இல்லை என்று சதாஹாரு சத்தியம் செய்வார். அவர் யாருக்கும் செடியைக் காட்டியதில்லை என்பதால், அந்தச் சத்தியத்தைக் கேட்க மனைவி கினுயோவை விட்டால் ஆளில்லை.

"ஆறு வருஷமாச்சு. இன்னும் ஒரு பேர்கூட வைக்கல. இப்படிப் பொத்திப் பொத்தி வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்பாள் அவள்.

"உனக்கென்ன தெரியும்? ஒரு குச்சி வெளிய போனாப் போதும். அடுத்த வருஷம் ஊரெல்லாம் ஒட்டுக் கட்டி வித்துக்கிட்டிருப்பானுங்க."

அவர் சொல்வதும் நியாயம்தான். முன்பு ஒரு முறை, கவாத்து செய்தபோது வெட்டிய சுருட்டை இலை மேப்பிள் குச்சிகளை வேலியோரம் வீசியிருந்தார். பக்கத்து வீட்டு தொகுஜி அதில் ஒன்றைப் பொறுக்கி, சாதாரண மலை மேப்பிள் கன்றில் ஒட்டுக் கட்டி வளர்த்து, இலையுதிர்காலக் கண்காட்சியில் சதாஹாருவின் செடிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தான். முதல் பரிசும் அவனுக்கே போனது. அன்றோடு பேச்சு நின்றது. வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை அட்டையைக்கூட அந்த வீட்டுக்குக் கினுயோதான் கொண்டுபோவாள்.

சூடு கண்ட பூனை ஆகிவிட்டார் மனிதர். அதன் பிறகு எந்த அபூர்வச் செடியைக் கவாத்து செய்தாலும், வெட்டின குச்சி அத்தனையும் நெருப்புக்குத்தான். குளிர்காலம் வந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், அதனால் அந்த வேலையை வருஷாவருஷம் மனைவியிடம் விட்டார். அந்தக் குளிர்காலமும் அப்படித்தான்.

"ஒரு மொட்டு மிஞ்சக் கூடாது, ஆமா!"

தகர டிரம்மில் புகை எழுவதை ஜன்னல் வழியே பார்த்துத் திருப்தியானார். அந்த நெருப்பில் அவள் சுட்டுத் தந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இரண்டைத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த வருஷம் மழைக்காலம் போவேனா என்றது. அது முடிந்த கையோடு வெயில் வந்து உச்சந்தலையில் உட்கார்ந்தது. ஒரு காலையில் செடி துவண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினார், இன்னும் துவண்டது. இரண்டொரு நாளில் கிளைகள் கறுத்தன. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வேரெல்லாம் அழுகிய கயிறாய் நாறியது.

"காத்து நுழையாத இடத்துல..." என்று தொடங்கிய கினுயோ, அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அவர் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஐஸ் தண்ணீரில் போட்டிருந்த நூடுல்ஸ் வெதுவெதுப்பாகிக் குழைந்த பிறகும் சாப்பிட வரவில்லை. அவள் மறுபடி போய்ப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு குச்சி, கினுயோ. எங்கயாவது ஒண்ணு இருந்திருந்தாக்கூடப் போதும். நானே எரிச்சுட்டேனே!"

"எரிச்சது நான்தானே?"

"நான் சொல்லித்தானே எரிச்ச?"

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். பிறகு, "எழுந்திரிங்க. நல்ல சட்டையா ஒண்ணு போடுங்க. பக்கத்து வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

"அவன் வீட்டுக்கா? எதுக்கு? சிரிப்பான்!"

"சிரிச்சா சிரிக்கட்டும். வாங்கன்னா வாங்க."

வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு தர்பூசணியை அவர் கையில் கொடுத்தாள். அதைப் பிள்ளைபோல ஏந்திக்கொண்டு அவர் தொகுஜியின் வாசலில் நின்றார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தொகுஜி குழாயை மூடினான்.

"அடடே! வழி தெரிஞ்சுதா உனக்கு? நடுவுல தகரம் இருக்கே!"

"தொகுஜி... செடி போயிடுச்சுடா."

தொகுஜி சிரிக்கவில்லை. சிரித்தால் சொல்லவென்று சதாஹாரு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வசவு வீணாய்ப் போயிற்று. தொகுஜி கினுயோவைப் பார்த்தான்.

"இன்னும் சொல்லலியா கினுயோ-சான்?"

"நீங்களே காட்டிடுங்க."

வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக்குக் கீழே தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு சின்னத் தொட்டியில், சாதாரணக் கன்றின் தண்டுமேல் ஒட்டுக் கட்டிய விரலளவுக் குச்சி. அதில் பால்வெள்ளையில் பச்சை நரம்போடு நாலைந்து இலைகள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டவர்போல சதாஹாரு அதை நோக்கி ஓடினார். அப்புறம்தான் மற்ற தொட்டிகளைப் பார்த்தார். இவ்வளவு வருஷமாக அவர் எரிக்கச் சொன்ன செடிகள் அத்தனையும் அங்கே தளதளவென்று நின்றன.

"அடிப்பாவி! எரிச்சேன்னியே!"

"கிழங்கு வெந்தது பீச் மரக் குச்சியில. உயிரோட இருக்கற மொட்டை நெருப்புல போட எனக்குக் கை வரலங்க. ஈரத்துணியில சுத்தி, சுற்றறிக்கை அட்டையோட சேத்து இங்க குடுத்துட்டேன்."

"எட்டு கட்டினேன். இது ஒண்ணுதான் ஒட்டிச்சு" என்றான் தொகுஜி. "உன் செடி இல்லையா, உன் குணம். யாரோடயும் லேசுல ஒட்டாது."

"கண்காட்சிக்குக் கொண்டுபோயிருப்பியே!"

"நீ பேர் வைக்கிற வரைக்கும் வெளிய தலைகாட்டக் கூடாதுன்னு உன் வீட்டம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. ஒரு தடவை செஞ்சதுக்கே உன் மூஞ்சியை இவ்வளவு வருஷம் பாத்தாச்சு. மறுபடி எதுக்கு?"

சதாஹாருவுக்குக் கோபம் தொண்டை வரை வந்தது. கட்டினவள் ஏமாற்றியிருக்கிறாள், அதுவும் எதிராளியோடு சேர்ந்துகொண்டு. ஊர் கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது. அப்போது காற்று வீசியது. அந்த நாலைந்து இலைகளும் படபடத்தன. ஆறு வருஷம் வளர்த்தும், அந்த இலை அசைந்து அவர் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார், கோபம் போன இடம் தெரியவில்லை.

தொண்டையைச் செருமி, குரலை வேண்டுமென்றே கடுமையாக்கிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"இவன் ஒருத்தனுக்குத்தான் குடுத்தியா? உண்மையைச் சொல்லு."

கினுயோ ஏப்ரன் நுனியைத் திருகினாள். தொகுஜி அவர் கையிலிருந்த தர்பூசணியை வாங்கிக்கொண்டு, அதைத் தட்டிப் பார்ப்பதில் மும்முரமானான்.

"இன்னும் மூணு வீட்டுக்கு."

"மூணா?"

"ம்."

"ஏண்டி, மூணோட எதுக்கு நிறுத்தின?"