நியமித்தவர்

அட்டவணையில் நான்கு பத்திகள் இருந்தன: எண், பெயர், காலம், நியமித்தவர். உரோமைத் திருச்சபையின் தலைவர்களாக இருந்த முதல் ஆயர்களைப் பற்றிய புத்தகத்தில் பதினேழாம் பக்கம். முதல் மூன்று பத்திகளும் நிரம்பியிருந்தன. நான்காவதில் மேலிருந்து ஐந்தாறு கட்டங்கள் காலி. பழைய எழுத்துருவிலிருந்து புதியதற்கு மாற்றும்போது சொற்கள் உதிர்ந்துபோவது அச்சகத்தில் வாடிக்கைதான். போன மாதம் ஒரு சமையல் புத்தகத்தில் உப்பு முழுக்கக் காணாமல் போய், வாங்கியவர்கள் போன் போட்டுத் திட்டினார்கள். அதனால் பக்கம் கோக்கும் அவன் யோசிக்கவில்லை. லீனுஸுக்கு எதிரே, இயேசுவின் தலைமைச் சீடர் பெயரை, பேதுரு என்று தட்டினான். அனாக்கிளேத்துக்கு எதிரே லீனுஸ். கிளமெந்துக்கு எதிரே அனாக்கிளேத்து. சிறுவயதில் ஞாயிறு வகுப்பில் படித்தது கைக்கு வந்தது. பத்தி நிரம்பியதும் பக்கம் பார்க்க ஒழுங்காக இருந்தது. மெய்ப்புப் பிரதியை நூலாசிரியருக்கு அனுப்பிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான்.

மனைவி இறந்த இந்த நான்கு மாதமாக இப்படித்தான். நாற்காலி அவனை வைத்துக்கொள்வதில்லை. அழுகை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், வரவில்லை. கால்தான் வந்தது. அச்சகத்தின் மூன்று அறைகளையும் ஒரு நாளைக்கு அறுபது தடவை நடந்துவிடுவான். முதலாளி பார்த்துவிட்டு, "உன் செருப்புக்கு நான் தனியா சம்பளம் தரணும் போல" என்பார். கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு இரண்டு கால் கொண்ட ஓர் இரும்புக் கவை கிடந்தது. கோயில் பாடகர் குழுவுக்குச் சுருதி கொடுக்க அவன் மனைவி ஆறு வருடம் வைத்திருந்தது. முழங்காலில் ஒரு தட்டுத் தட்டித் தாடை எலும்பில் வைத்தால் தலைக்குள் மட்டும் ஒலிக்கும். யாரும் பார்க்காதபோது அதைச் செய்வான். நாளில் அவனுக்கு உறைக்கிற ஒரே விஷயம் அதுதான்.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. புத்தகத்தை எழுதிய கல்லூரி வரலாற்றுப் பேராசிரியை. அச்சகத்தில் அவளுக்கு லீனுஸ் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"பதினேழாம் பக்கத்துல பேதுருவைக் கொண்டாந்து உக்கார வச்சது யாரு?"

"நான்தான் மேடம். எழுத்துரு மாத்தும்போது விழுந்துபோச்சுன்னு நெனச்சேன்."

"விழலை. நான் போடலை."

"காலியா இருந்துச்சே."

"ரெண்டாயிரம் வருஷமா காலியாத்தான் இருக்கு. நீங்க ஒரே காலையில நிரப்பிட்டீங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். ரிசீவரைக் காதில் இடுக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தான். கயிறு எட்டும் வரை போய்த் திரும்பினான். பட்டியல்லயே லீனுஸ் முதல்ல இருக்காரே, அப்போ பேதுருதானே வச்சிருக்கணும் என்று கேட்டான். கேட்டது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. நான்கு மாதத்தில் அவன் யாரையும் எதையும் கேட்டதில்லை.

"நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு ஒருத்தர் பட்டியல் போடுறார். அதுல லீனுஸ் முதல்ல. இன்னொருத்தர், பேதுரு தன் கையால வச்சது கிளமெந்தைத்தான்கிறார். அப்புறம் வந்த ஒருத்தர் நடுவுல புகுந்து சமாதானம் பண்றார். கிளமெந்துகிட்டதான் கொடுத்தாங்களாம், அவரு சண்டை வேணாம்னு லீனுஸுக்கு விட்டுக்கொடுத்துட்டாராம்."

"எது நெசம்?"

"அந்த நேரத்துல அந்தச் சபைக்கு ஒத்தைத் தலைவர்னு யாராச்சும் இருந்தாங்களான்னே உறுதியா சொல்ல முடியாது. நாலைஞ்சு பெரியவங்க சேர்ந்து நடத்தியிருக்கலாம். கொஞ்ச காலம் கழிச்சு, மரண தண்டனைக்கு உரோமைக்குக் கூட்டிட்டுப் போற வேற ஊர் ஆயர் ஒருத்தர் வழி நெடுக கடிதாசி எழுதுறார். மத்த ஊர்ச் சபைகளுக்கு எழுதினதுல எல்லாம் ஆயர் பேச்சு வருது. உரோமைக்கு எழுதினதுல மட்டும் அங்க ஒரு ஆயர் இருக்கிற மாதிரியே தெரியலை."

"கூட இருந்தவங்க எழுதி வைக்கலையா?"

"இருந்தவங்க எழுதலை. எழுதினவங்க அங்க இருக்கலை."

அவன் நடப்பதை நிறுத்தினான். "அப்ப பொய்யா மேடம்?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவும் ஓசை வந்தது. "பொய்னு நான் எழுத மாட்டேன். கேக்குறவங்களுக்கு ஒரு பேரு வேண்டியிருந்துச்சு. அவ்வளவுதான். நீங்க அதைக் காலி பண்ணிடுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் மனைவியின் தங்கை நின்றிருந்தாள். அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, அரைநாள் விடுப்பில் வந்திருக்கிறாள் என்பது பார்த்ததும் தெரிந்தது. சாயலில் அக்காவேதான். அதனாலேயே அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தான்.

"மாமா, இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பாட்டுக் குழு கூடுறோம். நீங்க வரணும்."

"நான் எதுக்கு? எனக்குப் பாடத் தெரியாது."

"பாட வேணாம். ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அக்கா கடைசியா குழுவை நடத்த என் பேரைச் சொன்னான்னு எங்கிட்ட சொன்னீங்கள்ல, அதை அவங்க முன்னாடி சொல்லுங்க. நம்ம குழுவுல பாடுற நர்ஸ் அக்கா என்னடான்னா, என்னைத்தான் நடத்தச் சொன்னான்னு சொல்றாங்க. குழு ரெண்டாப் போச்சு மாமா. போன ஞாயிறு அவங்க ஒரு சுருதியில ஆரம்பிக்கிறாங்க, நாங்க ஒரு சுருதியில. கோயில்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க." கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டாள். "அக்கா வச்ச இடம். நான் ஆசைப்பட்டுக் கேக்கலை. அவ சொன்னதுனாலதான் கேக்குறேன். அப்புறம், அந்தச் சுருதி ஃபோர்க் உங்ககிட்டதானே இருக்கு? அதையும் கொண்டாங்க."

அவன் தலையாட்டினான். அவள் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

மனைவி இறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் தங்கை வெறுந்தரையில் உட்கார்ந்து, என்னை ஒரு வார்த்தை கேட்டாளா மாமா, ஒரு வார்த்தை என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஊருக்குப் போயிருந்தவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கேட்டா என்றான். உன் பேரைச் சொன்னா, பாட்டை உன்னைப் பாத்துக்கச் சொன்னா. வாய்க்கு வந்தது அதுதான். அவள் அழுகை அடங்கியது. ஒழுங்காக இருந்தது. பிறகு எல்லோரும் கேட்டபோது, கடைசி வரை என் கையைப் பிடித்திருந்தாள் என்றும் சொல்லியிருந்தான்.

அவன் அங்கே இல்லை. மனைவி கிடந்த அறையில் உட்கார முடியவில்லை. வண்டியைச் சரியாக நிறுத்தினோமா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். வண்டி சரியாகத்தான் நின்றது. அதன் பக்கத்தில் பதினோரு நிமிடம் நின்றான். வண்டி நிறுத்தத்தில் சீட்டுக் கிழிப்பவரின் முதுகுக்குப் பின்னால் கடிகாரம் இருந்ததால் கணக்குத் தெரியும். மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். பணியிலிருந்த நர்ஸ், அதே பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவள், மனைவியின் விரல்களை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். "வாங்க தம்பி" என்றாள். அந்தக் கையை எடுத்து அவன் கைக்குள் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. நர்ஸ் அக்கா அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் சொன்ன கதையை எதிரே நின்று கேட்டபோதுகூட.

பதினேழாம் பக்கத்தைத் திறந்து பேதுருவை அழித்தான். அடுத்த கட்டத்தில் லீனுஸை அழித்தான். ஒவ்வொன்றாகக் கடைசி வரை. காலிக் கட்டத்துக்குள் கர்சர் விட்டுவிட்டுத் துடித்தது. நான்கரைக்குச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான். நேர் வழி பத்து நிமிடம்தான்; அவன் மூன்று தெரு சுற்றிப் போனான்.

கோயிலுக்குப் பின்னாலிருந்த அறையில் குழுவின் பதினான்கு பேரும் இரண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பழைய மரமேசை. அதன் ஒரு மூலையில் மட்டும் மெருகு தேய்ந்து வெள்ளையாக இருந்தது. ஆறு வருடம் அவன் மனைவி கவையைத் தட்டிய இடம். சுவரோரம் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தையல்காரர்தான் முதலில் பேசினார். "வாங்க சார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல எங்க தொண்டை கிழியுது. அளவு யாரு எடுத்தான்னு நீங்க சொல்லிட்டா, நாங்க பாட்டுக்கு வெட்டித் தச்சுட்டுப் போயிடுவோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவியின் தங்கை எழுந்து நின்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க மாமா. நீங்களே சொல்லுங்க."

அவன் நர்ஸைப் பார்த்தான். அவள் சீருடை மாற்றாமல் வந்திருந்தாள். பாட்டு நோட்டை மடியில் வைத்து, அட்டையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். அவன் வாயெடுக்குமுன் அவள் பேசினாள்.

"எதுக்கு அவரை நிக்க வச்சுக் கேக்குறீங்க? சின்னவளே நடத்தட்டும். எங்கிட்ட அவ சொன்னது ஏதோ பேச்சுவாக்குல சொன்னதா இருக்கும். கடைசி வரைக்கும் கூட இருந்தது தம்பிதான்."

அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். அறையில் ஒரு பெருமூச்சு புறப்பட்டது. தையல்காரர், "அப்ப முடிஞ்சுது" என்று முழங்காலில் தட்டிக்கொண்டார். முடிந்துவிட்டது. அவன் செய்ய வேண்டியது பையிலிருந்து கவையை எடுத்துத் தங்கையின் கையில் கொடுப்பது மட்டும்தான். கொடுத்தால் குழு சேர்ந்துவிடும். வண்டி பக்கத்தில் நின்ற பதினோரு நிமிடமும் என்றைக்கும் யாருக்கும் தெரியாது. அந்தப் பதினோரு நிமிடத்தில் மனைவி என்ன சொன்னாள் என்பது அவனுக்கும் என்றைக்கும் தெரியாது.

கால்கள் வாசல் பக்கம் திரும்பப் பார்த்தன. அவன் கவையை எடுத்து மேசைமேல் வைத்தான். யார் பக்கமும் நீட்டவில்லை.

"நான் அங்க இல்ல."

"எங்க மாமா?" என்றாள் தங்கை.

"அவ போகும்போது. நான் கீழ வண்டிகிட்ட நின்னுட்டிருந்தேன். உன் பேரைச் சொன்னாளான்னு எனக்குத் தெரியாது. நானாத்தான் சொன்னேன்."

அவள் முகம் என்ன ஆயிற்று என்று அவன் இந்த முறை பார்த்தான். முழுக்கப் பார்த்தான். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப் போல மேசைமேல் கிடந்த கவையை எடுத்துக்கொண்டாள். இங்கும் அங்கும் திருப்பினாள்.

"அக்கா" என்றான் அவன், நர்ஸிடம். "நீங்க இருந்தீங்கள்ல. அவ... ஏதாச்சும் சொன்னாளா?"

நர்ஸ் நோட்டை மூடினாள். அவனைப் பார்த்தாள், பிறகு சின்னவளைப் பார்த்தாள். சொல்வதா என்று யோசிக்கிற முகம் அல்ல. எங்கே ஆரம்பிப்பது என்று தேடுகிற முகம். அந்த நேரத்தில்தான் தங்கை தன்னையறியாமல் கவையை மேசை மூலையில், அந்தத் தேய்ந்த இடத்தில், ஒரு தட்டுத் தட்டி அதன் அடிக்காலை மரத்தில் ஊன்றினாள். சுருதி எழுந்து அறை முழுக்கப் பரவியது. நான்கு மாதமாக அவன் தாடை எலும்புக்குள் மட்டும் இருந்தது, இப்போது எல்லோருக்கும் கேட்டது. இரண்டு கூட்டமும் ஆறு வருடப் பழக்கத்தில் முதுகை நிமிர்த்தி ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தன. பதில் சொல்ல வாய் திறந்திருந்த நர்ஸும் இழுத்தாள். அந்த மூச்சோடு எல்லோரும் அப்படியே இருந்தார்கள்.