மார்ச் பன்னிரண்டில் ஒரு டீ

சிவகாசியில் வானம் உறுமினால் யாரும் குடையைத் தேடுவதில்லை. "இடியா, வெடியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆவணி மாதத்து மத்தியானம் ஒன்றில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஸ்ரீமதிக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

மதுரையில் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். 'இணைய ஊடகத்தின் எதிர்காலம்' என்று ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லி லீவு விட்டிருந்தார்கள். அப்பா லட்சுமிகாந்தத்தின் காலண்டர் பிரஸ்ஸில், அச்சாகி வந்த தாள்கட்டுகளின் மேல் சாய்ந்துகொண்டு யோசித்தாள். முதுகுக்கு அடியில் அடுத்த வருடத்து ஏப்ரல். காலை நீட்டினால் ஜூலை. எதிர்காலத்தின் மேலேயே படுத்திருந்தும் அதைப் பற்றி ஒரு வரி ஓடவில்லை. மை வாசத்தில் கண் சொருகும் நேரம், பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் விஸ்வநத்தம் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

'சிவகாசி இப்போ' என்று போனில் ஒரு செய்திப் பக்கம் நடத்தி வந்தாள். அடுத்தவன் போடுமுன் போட வேண்டும். 'விஸ்வநத்தம் அருகே பயங்கர சத்தம்?' என்று எழுதினாள். அந்தக் கேள்விக்குறி வியாபாரி வீட்டுப் புத்தி. சரக்கு சரியில்லையென்றால் நான் எங்கே சொன்னேன், கேட்கத்தானே செய்தேன் என்று நழுவலாம். கூடவே ஒரு வீடியோ. புகைக்கு முன்னால் ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடும் பத்து நொடி. மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டாசு விபத்தில் எடுத்தது. எங்கே சத்தம் கேட்டாலும் எல்லாரும் அதைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

பத்து நிமிடத்தில் மழை கொட்டியது. இடிதான். பதிவை அழித்தாள். அதற்குள் அது எத்தனையோ போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் பிரஸ் வாசலில் வந்து நின்றாள். விரல் இடுக்கெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி.

"வாங்கக்கா. யாரு வேணும்?"

"என்னையத் தெரியலையா தாயி? நிக்கவும் அடையாளம் தெரியல போல. ஓடிக் காட்டவா?"

வீடியோவில் ஓடிய அதே முகம்.

"பேரு குருவம்மா. சிவகாசி இப்போன்னு போர்டு வச்ச கடை எங்கன இருக்குன்னு ரெண்டு நாளா தேடுறேன். டீக்கடையிலதான் சொன்னாக, அது கடை இல்ல, இந்தப் பாப்பான்னு."

"இடின்னு தெரிஞ்ச உடனே அழிச்சிட்டேன்க்கா."

"நீ அழிச்சிட்ட. பெத்தணன் போன்ல இருக்கே." பெத்தணன், பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்காரர். "'உன் படம் வந்தாலே எங்கிட்டாவது வெடிக்குது, உன்னைய ஏத்துனா மத்த பொம்பளைக இறங்கிருவோம்ங்காக'ன்னு விட்டுட்டுப் போயிட்டான். சீசன்ல வேலை இல்லன்னா அப்புறம் எப்ப?"

"அன்னைக்கு ஓடி எங்க போனீக?"

"ரோட்டோரம் ஒரு டீக்கடை. உக்காந்து டீ குடிச்சேன். பாதி டீ சேலையிலயே ஊத்திருச்சு. நான் ஓடி முடிச்சு மூணு வருசமாச்சு தாயி. படத்துலதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கேன்."

ஸ்ரீமதி சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பர் என்றால் சாயங்காலம் வடை மடிக்கப் போய்விடும். காலண்டர் என்றால் விடிந்ததும் ஒரு கிழி. போனுக்குள் மட்டும் யாரும் எதையும் கிழிப்பதில்லை. அங்கே ஒரே ஒரு மத்தியானம், கலையாத ஒரே புகை. குருவம்மாள் வெறுங்காலோடு ஓடுகிறாள்; ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரைத் தாண்டி, பெயர் தெரியாத ஊர்களைத் தாண்டி, இன்னும் பிறக்காத யாருடைய உள்ளங்கையிலோ ஓடுகிறாள். உட்கார நிழல் இல்லை. நிழலை யாரும் படமெடுத்துப் போடவில்லை.

"அக்கா, மிச்சத்தையும் எடுத்துருவோம்" என்றாள்.

டீ வந்தது. தாள்கட்டின் மேல் குருவம்மாளை உட்கார வைத்தாள். கல்லாவிலிருந்து அப்பாவின் குரல்: "காலண்டரும் தெரியுற மாதிரி எடு பாப்பா. நம்ம பிரஸ் பேரு நாலு பேரு கண்ணுல படட்டும்."

"நான்தான் அந்த ஓடுன பொம்பள" என்று போனைப் பார்த்துச் சொன்னாள் குருவம்மாள். "ஓடி முடிச்சிட்டேன். உக்காந்துட்டேன்." பிறகு ஊதி ஊதி, ஒரு சொட்டுச் சிந்தாமல், கடைசி மடக்கு வரை குடித்தாள்.

ஸ்ரீமதி அதை அப்படியே போட்டாள். ஒரு மணி நேரத்தில் முதல் கருத்து வந்தது: 'பின்னால காலண்டரைப் பாருங்கப்பா. அடுத்த வருசம் மார்ச் 12, வியாழன்!'

ஸ்ரீமதி வீடியோவை நிறுத்திப் பார்த்தாள். தாள் பிசிறில்லாமல் கிழிபடுகிறதா என்று பார்க்க, அப்பா ஜனவரி, பிப்ரவரியைக் கிழித்து மார்ச் பன்னிரண்டில் நிறுத்திய சாம்பிள் அது. இதழியல் படிக்கிற பிள்ளை தேதியைக் கோட்டை விட்டுவிட்டாள். அழிக்கப் போன விரலை போன் மணி நிறுத்தியது.

"தாயி, அழிச்சிராத! பெத்தணன் பாத்துட்டான். 'அடுத்த மாசியில நீ டீ குடிக்கிறியாமே, அது வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நீ ஏறுனா வேனுக்கே நல்லது'ங்கான். நாளையிலருந்து முன் சீட்டு."

"அக்கா, அது சாம்பிள் காலண்டரு. தப்பாயிருச்சு."

"எனக்குத் தெரியாதா? அவன்கிட்ட சொல்லிராத."

சொல்லாமல் இருக்க ஸ்ரீமதியால் முடியவில்லை. 'காலண்டர் அடுத்த வருடத்தது, டீ இன்றையது' என்று வீடியோவுக்குக் கீழே திருத்தம் எழுதினாள். பெத்தணன் வீடியோ பார்ப்பாரே தவிர, கீழே எழுதியிருப்பதைப் படிக்கிற ஆள் இல்லை. நாட்டில் பாதிப் பேர் அப்படித்தான்.

மறுநாள் காலை வேன் போனது. முன் சீட்டில் குருவம்மாள், மறுபடியும் வெடிமருந்து வேலைக்கு. ஸ்ரீமதி பிரஸ்ஸுக்குள் வந்தபோது, அப்பா சாம்பிளில் அடுத்த தாளைக் கிழிக்கக் கை வைத்திருந்தார்.

"அப்பா, கிழிச்சிராதீக. அந்த நாள் வேணும்."

"அது வர இன்னும் ஆறேழு மாசம் கிடக்கே பாப்பா."

"வரணும்லப்பா" என்றாள்.