ஊதாத் தீ மருமகள்

நெய்வேலி பன்னிரண்டாம் பிளாக் ஜெயராமனின் மூன்று பெண்களும் தோலில் தண்ணீர் பட்டால் எரிவார்கள். மூத்தவள் புவனாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரம் நுரைத்து, விரலோரம் சிவப்பாக மினுங்கி அடங்கிவிடுவாள். நடுப்பெண் இளவேனில் சீறிக்கொண்டு மஞ்சளாக எரிவாள். கடைக்குட்டி சண்முகப்ரியாவின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் போதும், பட்டென்று வெடித்து ஊதா நிறத்தில் தீ எழும்பும். பக்கத்து குவார்ட்டர்ஸ் வேதியியல் ஆசிரியர் செந்தில்நாதன் ஒரு மழைநாளில் மூவரையும் பார்த்துவிட்டு, லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று வரிசையாகச் சொன்னார். "ஒரே குடும்பம்தாங்க. கீழ வர வர வேகம் ஜாஸ்தி. நாலாவது மட்டும் வேணாங்க." ஜெயராமனும் மனைவி பொன்னம்மாளும் அந்த யோசனையை அன்றோடு விட்டார்கள்.

சுரங்கத்து நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்துக் கொட்டுகிற ஊரில் இப்படிப் பிள்ளைகளை வளர்ப்பது லேசான காரியமில்லை. பெண்கள் மண்ணெண்ணெயில் குளித்தார்கள்; ரேஷனில் அது நின்றதும் மருந்துக்கடை பாரஃபின் எண்ணெய்க்கு மாறினார்கள். எண்ணெய் காய்ந்தால் காற்றிலேயே தோல் மங்கிப்போகும். நகம் பட்டுக் கீறினால் உள்ளே வெள்ளியாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். தண்ணீர், மோர் எல்லாம் ஸ்ட்ரா வைத்துத்தான். உள்ளே போனபின் ஏன் வெடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

மூத்த இருவரையும் விஷயத்தைச் சொல்லியே கட்டிக்கொடுத்தார்கள். சண்முகப்ரியாவுக்கு வந்த வரன்களோ, சொன்னதும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்கள். கடைசியில் வந்த ஜெயகணேஷ், அவள் பஸ் ஸ்டாப் தூறலில் ஊதாவாக எரிந்ததைப் பார்த்து மயங்கியவன். அவன் அம்மா பாப்பாவுக்குத்தான் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் பெண்ணை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பொன்னம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை, பாவம். மண்டபத்தில் பன்னீர்ச் சொம்பை ஒளித்தார்கள். தாரை வார்க்கத் தண்ணீருக்குப் பதில் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். ஐயர் மறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வேறொரு சிக்கல் வந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்த பிறகுதான், அதைச் சிவப்பாக்கச் சுண்ணாம்பு வாங்கவில்லை என்பது தெரிந்தது. பிளாக்கில் வெற்றிலை போடுபவர் யாருமில்லை. குங்குமத்தைக் கரைத்தால் ஆகாதா என்று கேட்டவளைப் பாப்பா பார்த்த பார்வையில் அவள் வீட்டுக்கே போய்விட்டாள்.

"என்னாடி எல்லாரும் பாத்துகினு நிக்கிறீங்க? ராகு காலம் பொறக்கப் போவுது. மஞ்சத் தண்ணியில ஆரத்தி எடுத்தா வூடு வெளங்குமா?" பாப்பாவின் குரல் உடைந்தது.

சண்முகப்ரியா விரல் பட்ட தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரைப் போலக் காரமாகிவிடும். மஞ்சள் அதில் சிவக்கும். அவளுக்கு அது தெரியும். ஜெயராமன் வேண்டாமென்று தலையாட்டினார். அவளோ மாமியாரின் கலங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு, சுண்டுவிரலைத் தட்டில் வைத்தாள். தீ ஊதாவாகத் தட்டைச் சுற்றி ஓடியது. வெற்றிலை மேலிருந்த கற்பூரம் தானே பற்றிக்கொண்டது. பட்டென்று ஒரு வெடி. புகை விலகியபோது தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. பாப்பாவின் இடது புருவத்தில் பாதியைக் காணோம்.

பொன்னம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பாப்பா தட்டைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டு வைத்தாள். "நேரம் ஆவுது. வலது கால வச்சி உள்ள வாம்மா."

இப்போது எந்த பிளாக்கில் கல்யாணம் என்றாலும் ஆரத்திக்குச் சண்முகப்ரியாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் எரிவதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வீட்டில் தினமும் பாத்திரம் தேய்ப்பது மாமியார்தான் என்பதைத்தான் நெல்லிக்குப்பத்துச் சொந்தக்காரர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டும் நம்ப மறுக்கிறார்கள்.