காப்பு கட்டாத கால்

டாக்டர் ரிசல்ட் தாளைத் திருப்பிக் காட்டியபோது, சரிதா அவர் மேசைமேல் இருந்த பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு மூடி இல்லை.

"ரத்தத்துல சி.ஆர்.பி. அளவு ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "ஆபரேஷனுக்கு முன்னால அதிகமா இருந்துச்சு. புற்றுநோய் வந்த கிட்னியை எடுத்த பிறகு நல்லா இறங்குச்சு. இப்ப மறுபடியும் மேல போயிருக்கு."

"அப்படீன்னா என்னங்க?" அவள் புருஷன் பூபதிதான் கேட்டான்.

"இறங்கினது இறங்கினபடியே இருந்தா நல்லது. ஏறினா, வேற எங்கயாவது பரவியிருக்கான்னு பார்க்கணும். ஆனா இது புற்றுநோய்க்கு மட்டும் ஏறுறது இல்ல. புண், காய்ச்சல், சளி எது இருந்தாலும் ஏறும். அப்படி ஏதாச்சும் இருக்கா?"

"இல்லைங்க." கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டான்.

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். பூபதிக்கு இப்போது ஒரே கிட்னி என்பதால் மருந்து ஏற்றி எடுக்கும்போது கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சேலத்திலிருந்து சங்ககிரிக்குப் பஸ்ஸில் வரும்போது பூபதி கடலை வாங்கிக் கொடுத்தான். சரிதா தின்றாள். உப்பு போட்டிருந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இவளைப் பார்ப்பதற்காகவே தான் ஓட்டிய பெரிய லாரியை இவள் வீட்டுச் சந்துக்குள் விட்டு, திருப்ப முடியாமல் ஊரே கூடி நின்ற ஆள் இவன். இப்போது லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்த வேலை.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து, இவர் பிழைத்து வந்தால் மாரியம்மனுக்குக் குண்டம் இறங்கித் தீ மிதிக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். போன வாரம்தான் குண்டம். "இந்த ரத்த டெஸ்ட் முடியட்டும், அடுத்த வருசம் எறங்கிக்கலாம்" என்று பூபதி தடுத்துவிட்டான். அவளும் கேட்டுக்கொண்டாள். இப்போது ரத்தத்தில் ஏறிவிட்டது.

அழுகை வரும் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய் மாவு ஆட்டினாள்.

மறுநாள் காலை ஸ்கேன் சென்டரில், "ஷூவைக் கழட்டிட்டு வாங்க" என்றாள் அங்கிருந்த பெண். பூபதி கழற்றவில்லை. செருப்பைத் தவிர வேறெதுவும் போடாதவன், ஒரு வாரமாக வீட்டுக்குள்ளும் சாக்ஸோடு திரிகிறான். பாதம் குளிருகிறது என்று சொல்லியிருந்தான்.

சரிதா குனிந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸை இழுத்தாள். தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாதம் முழுக்கக் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது.

"என்னங்க இது?"

"சைலன்சர் சுட்டுருச்சு புள்ள."

"உள்ளங்கால்ல எப்படிங்க சைலன்சர் சுடும்?"

அவன் சுவரைப் பார்த்தான். "குண்டம் எறங்கீட்டேன்."

"வேண்டுனது நானுங்க."

"எனக்காகத்தான வேண்டுன? உன் காலு எதுக்கு வேகோணும்?"

"காப்பு கட்டுனீங்களா?"

"கட்டுனா கையில மஞ்சக் கயித்தைப் பார்த்ததும் நீ கண்டுபிடிச்சிருவியே."

"விரதமாச்சும் இருந்தீங்களா?"

"டீ மட்டுந்தான் குடிச்சேன்." கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு பன்னும்."

"அதான் சுட்டிருக்கு" என்றாள் சரிதா. "டாக்டர் கேட்டாரே, அவருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியே."

கோபம் வர வேண்டும். சந்தோஷமாவது வர வேண்டும், ரத்தத்தில் ஏறியது இந்தப் புண்ணாலும் இருக்கலாம் அல்லவா. இரண்டும் வரவில்லை. அவன் குதிகாலைக் கையில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள்.

டாக்டர் போனில் திட்டினார். அன்றைக்கு நெஞ்சுக்கு மட்டும் மருந்து ஏற்றாமல் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை. மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் புண் ஆறி, ரத்தம் மறுபடி பார்த்த பிறகு என்றார். தினமும் சரிதாதான் அவன் காலை மடியில் வைத்து மருந்து போட்டாள்.

புண் ஆறியதும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தார்கள்.

"இறங்கியிருக்கு" என்றார் டாக்டர். "பழைய அளவுக்கு இன்னும் வரல. ஆனா பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. புண்ணுதான் காரணம்னு நினைக்கிறேன். ஸ்கேனை அப்புறம் பார்த்துக்கலாம். அடுத்த மாசம் இன்னொரு தடவை ரத்தம் பார்த்துட்டு உறுதியாச் சொல்றேன்."

"காலுக்கு மருந்து இன்னும் போடோணுங்களா?" என்று கேட்டாள் சரிதா. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பூபதி செருப்போடு மெல்ல நடந்தான்.

"அடுத்த வருசம் நான் எறங்குவேனுங்க" என்றாள். "காப்புக் கட்டி."

"அதுதான் நான் எறங்கீட்டனே."

"அது செல்லாதுங்க. பன்னு தின்னுட்டு எறங்குனதை ஆத்தா கணக்குல வெக்கமாட்டா."

அவன் சிரித்தான். அவள் முகம் அப்படியே இருந்தது.

சங்ககிரி பஸ் வந்தது. கால் வலிக்குமே என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது பையைத் திறக்க வேண்டியிருந்தது. அப்போதுதான், ஏறியதிலிருந்து அவன் கையை விடவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இடது கையால் பையைத் திறந்தாள்.