ஒரே பெயரில் வந்த ரசீதுகள்

'நான்தான் எழுதினேன்' என்று எத்தனை நாள் உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருப்பேன். இப்போது அவளே வந்து சொல்லச் சொல்கிறாள். வாய் வரவில்லை.

இப்படி நினைத்தபடி டானெட் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். பனிக்கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையோரம் நின்றிருந்தாள் மார்னி.

அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தை ஒட்டிய அந்த லாரி அலுவலகத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. சரக்கை இறக்கியதும் ஓட்டுநர்கள் கையெழுத்தான ரசீதைக் கைப்பேசியில் படமெடுத்து மெயிலில் அனுப்புவார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லோருக்கும் பொதுவான நெட்வொர்க் டிரைவில் சேமிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அந்த வேலையைக் கணினியே செய்யும்படி டானெட் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அது மெயிலில் வரும் ரசீதுப் படங்களைத் தானே டிரைவில் போட்டுவிட்டு, மெயில் பெட்டி நிரம்பாதபடி அங்கிருந்து அழித்தும்விடும். முதலில் மார்னியிடம்தான் காட்டினாள். மார்னி அதை முதலாளி கர்ட்டிடம் காட்டினாள், தன்னுடையதாக.

அதை வைத்தே மார்னி மேற்பார்வையாளரானதற்குக் கேக் வெட்டினார்கள். டானெட்டும் கைதட்டினாள். இவள் இப்போது என் பக்கம் திரும்புவாள், ஏதாவது சொல்வாள் என்று தட்டிக்கொண்டே காத்திருந்தாள். மார்னி க்ரீம் அதிகமிருந்த ஓரத்துத் துண்டாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான். டானெட் அதைத் தின்றும் முடித்தாள். இன்றுவரை உறுத்துவது அதுதான்.

ஓட்டுநர்களின் கைப்பேசிகள் எல்லா ரசீதுக்கும் 'ஸ்கேன்' என்று ஒரே பெயரைத்தான் வைக்கும். அதனால் பெயருக்கு முன்னால் மெயில் வந்த தேதியும் நேரமும் சேரும்படி டானெட் ஒரு வரி எழுதியிருந்தாள். ஆளுக்கொரு ஃபோல்டர் இருக்கும்போது எதற்கு இத்தனை எண்கள், பார்க்கவே அசிங்கம் என்று மார்னி அந்த வரியை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரிலும் அதே பெயரில் புதிய ரசீது வரவர, பழையது அதனடியில் அழிந்துகொண்டே இருந்தது. இன்று காலை ஒரு வாடிக்கையாளர் போன மாத ரசீதுகளைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

"கர்ட் உள்ள காத்துக்கிட்டிருக்கான்டி. ஸ்கிரிப்ட் உன்னோடதுன்னு சொல்லிடு."

"இப்ப என்னோடதா ஆயிடுச்சா?"

"குத்திக் காட்டாதடி. உன்னைன்னா சத்தம் போட்டுட்டு விட்டுடுவான். என்னைன்னா வீட்டுக்கே அனுப்பிடுவான்."

"அந்த வரியை எடுத்தது யாரு?"

"அதெல்லாம் அவனுக்கா புரியப்போகுது? பிரிண்டர்ல பேப்பர் தீர்ந்தாலே ரிப்பேருன்னு கத்துறவன்."

டானெட்டுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. இத்தனை வருஷப் பழக்கம். சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"பொய்யா சொல்லச் சொல்றேன்? நீதானடி எழுதின."

பொய் இல்லைதான். கேக் வெட்டிய அன்று இவள் வாயிலிருந்து வராத அதே உண்மை, இன்று பழி சுமக்க ஆள் தேடி வந்திருக்கிறது.

"டிரைவர்ங்க எல்லாருக்கும் நான் போன் பண்றேன். போன்ல படம் இருந்தா திரும்ப வாங்கலாம்," என்றாள் டானெட்.

"சரி, அப்புறம் பண்ணு. முதல்ல கர்ட்கிட்ட வா."

"நான் வரலை, மார்னி."