ஐந்தாவது பெயர்

வாரத்தில் ஆறு நாள், விடிந்தது முதல் பொழுது சாயும் வரை, ராகேல் காரின் இடது பக்க இருக்கையில்தான் இருப்பாள். மார்த்தாண்டத்தில் ஜெபதாஸ் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவள் ஒருத்திதான். கல்ஃபுக்குப் போகப்போகிற நர்சுகள், பள்ளிக்கூட டீச்சர்கள், கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாருதி எண்ணூறில் இடது பக்கத்திலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. படிக்கிறவள் எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்தும்போது ராகேலின் கால் முந்திக்கொள்ளும். பதினான்கு வருஷம் அப்படி முந்திக்கொண்டதில் வலது முட்டி நிரந்தரமாக வீங்கிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. பகல் முழுக்க "பைய, பைய" என்று மெதுவாகப் போகச் சொன்ன வாய் சோற்றுக்கு மட்டுமே திறக்கும். கணவன் யேசுரத்தினம் குவைத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். மகள் ஜிஷாவுக்குப் பதினெட்டு. பிளஸ் டூவில் கணக்கில் தோற்று, மறுபடி எழுதி, நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்திருந்தாள். தோற்ற நாளிலிருந்து அவளும் வீட்டில் அளந்துதான் பேசினாள். சோர்ந்த அம்மாவும் வாய் திறக்காத மகளும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தார்கள்.

2011 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஜிஷா தானாக வந்து பேசினாள்.

"அம்மா, நாளைக்கு அஞ்சுகிராமத்துல ஆட்டோகிராஸ் நடக்கு. ஜெபதாஸ் மாமாட்ட அந்தப் பழைய வண்டிய கேட்டுத் தாறியா?"

"ஆட்டோ ரேசா?"

"ஆட்டோ இல்ல. காருதான்."

ஜிஷா விளக்கினாள். வெட்டவெளியில் பிளாஸ்டிக் கோன்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் உள்ளே போகும். யாரையும் முந்த வேண்டாம், யாரும் மோத மாட்டார்கள். எத்தனை வினாடியில் சுற்றி வருகிறோம் என்பதுதான் கணக்கு. கோனைத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டு வினாடி கூடும். சாதாரண லைசென்சும் ஹெல்மெட்டும் போதும்.

"ஏட்டி, ஆறு நாளும் வாய் வலிக்கச் சொல்லிக் குடுக்கேன். ஏழாவது நாளும் என்ன வண்டியில இருத்தாத."

"நீ வண்டியில இருக்கவே கூடாது. தனியாத்தான் ஓட்டணும்."

அந்த முகத்தில் ஒரு வருஷமாகக் காணாத ஏதோ ஒன்று இருந்தது. ராகேல் ஜெபதாஸிடம் கேட்டாள். ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய வண்டியைத் தருவதாக அவர் ஒத்துக்கொண்டார். "எடுத்துட்டுப் போ, ராகேலு. ஆனா ஸ்கூல் பேர மட்டும் மறைச்சிரு. கவுந்தா நாளைக்கு ஒருத்தியும் படிக்க வரமாட்டா." இரண்டு பக்கமும் செய்தித்தாள் ஒட்டினார்கள்.

ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை. அஞ்சுகிராமத்துக்கு வெளியே, காற்றாலைகள் சுற்றுகிற செம்மண் பொட்டலில் போட்டி. ராகேல் வண்டியை நிழலில் விடச் சொல்லி, இருக்கையைச் சாய்த்து, முந்தானையால் முகத்தை மூடித் தூங்கிவிட்டாள். ஞாயிறு ஆராதனைக்குப் போகாத குற்ற உணர்ச்சிகூட அந்தத் தூக்கத்தைத் தொடவில்லை.

ஜிஷா வந்து உலுக்கினாள்.

"அம்மா, ஒம்பேர குடு. பெண்கள் பிரிவுக்கு நாலு பேருதான் வந்திருக்கு. அஞ்சு இல்லேன்னா கேன்சல்னு சொல்லுதாங்க."

"எனக்கு வேண்டாம் மக்களே."

"சும்மா பேருக்குத்தான். பைய ஒரு சுத்து வந்தா போதும். ஒருத்தரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

அப்படித்தான் ராகேல் ஐந்தாவது பெயரானாள்.

முதலில் ஜிஷா ஓட்டினாள். மண்ணை வாரி இறைத்து, ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பின்பக்கம் வீச, சீறிக்கொண்டு போனாள். பார்க்க நன்றாக இருந்தது, கூட்டம் கைதட்டியது. ஐம்பத்தெட்டு வினாடி. தட்டிய இரண்டு கோனுக்கு நான்கு கூடி அறுபத்திரண்டு. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். உள்ளே வியர்வை சொதசொதத்தது.

ராகேல் வலது பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலி. கவனிக்க ஆள் இல்லை, யாருடைய காலையும் பார்க்க வேண்டாம், யாருடைய பயத்தையும் தன் பயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடி இறங்கியது. முதல் வளைவில் மண் வழுக்கியபோது அவள் எதிர்த்துப் பிடிக்கவில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பிறகு சேர்த்துப் பிடித்தாள். வண்டி தானாகத் திரும்புவது போலத் திரும்பியது. வண்டி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை அது செய்வதற்கு முன்பே அறிவதுதானே அவள் பதினான்கு வருஷமாகப் பார்த்த வேலை. சத்தமில்லாமல் சுற்றி வந்து நின்றாள். மெதுவாகத்தான் போனோம் என்று நினைத்தாள்.

ஐம்பத்தாறு வினாடி. ஒரு கோன்கூட விழவில்லை. ஐந்து பேரில் இரண்டாவது. ஜிஷா நான்காவது.

முதலில் ஜிஷாதான் ஓங்கிக் கைதட்டினாள். பலகையில் பெயர்களை வரிசையாக எழுதியதும் கை நின்றுவிட்டது. வீடு திரும்பும்போது தக்கலை தாண்டும் வரை பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"அடுத்தது நவம்பர்ல களியக்காவிளை பக்கம். ரெண்டு பேரும் போவமா?"

ராகேலுக்கு முட்டி விண்விண்ணென்று தெறித்தது. "போவோம்" என்றாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மூடிக்கிடந்த ஒரு செங்கல் சூளைக் களத்துக்குப் போனார்கள். கோனுக்குப் பதில் பழைய பெயின்ட் டப்பாக்கள். ராகேல் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லச் சக்தியில்லை; ஜிஷா கேட்கவுமில்லை. மாறி மாறி ஓட்டினார்கள், அவ்வளவுதான். யேசுரத்தினம் போனில், "தாயும் பிள்ளையும் சேர்ந்து இது என்ன கூத்து?" என்றான். ஆனால் ஜிஷா பேசத் தொடங்கியிருந்தாள். கல்லூரியில் நடந்தது, பஸ்ஸில் நடந்தது, டயரில் எவ்வளவு காற்று வைத்தால் மண்ணில் பிடிக்கும் என்பது. ராகேல் பாதி கேட்டும் பாதி தூங்கியும் 'ம்' கொட்டுவாள். அந்தச் சத்தம் வீட்டில் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்கிற பயத்தில்தான் நவம்பரில் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

களியக்காவிளை போட்டியில் பெண்கள் ஆறு பேர். ஜிஷா முதலில் ஓட்டி, நன்றாகவே ஓட்டி, ஐம்பத்தொன்றரை வினாடியில் வந்தாள். அதைவிடச் சீக்கிரம் தன்னால் வர முடியும் என்று ராகேலுக்குத் தெரிந்தது. கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு நீண்ட நேர்பாதை. அதில் பிரேக்கை மெல்லத் தொட்டாள். ஒரே ஒரு தடவை. அது போதுமாக இருந்தது.

ஜிஷாவுக்கு மூன்றாம் பரிசு, ஒரு சின்னக் கோப்பை. ராகேல் நான்காவது. திரும்பும் வழியில் ஒரு சாயாக்கடையில் நிறுத்தினார்கள். ஜிஷா கிளாசைத் தொடவில்லை.

"அந்த நேர் வழியில நீ எதுக்கு பிரேக் புடிச்ச?"

"தூசி மக்களே. கண்ணு தெரியல்ல."

"தூசி இல்ல. காத்து எதிர்ப்பக்கம் அடிச்சு. நான் அந்த வளைவுலதான் நின்னேன். ஒனக்கு பின்னால செவப்பு லைட்டு எரிஞ்சத பாத்தேன்."

ராகேல் சாயாவைக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது.

"பிளஸ் டூல நான் தோத்தப்பவும் நீ இப்பிடித்தான் செஞ்ச" என்றாள் ஜிஷா. குரல் உயரவில்லை. "சபையில எல்லார்ட்டயும் பிள்ளைக்கு பரீட்சையன்னைக்கு காய்ச்சல்னு சொன்ன. எனக்கு காய்ச்சல் இல்ல. எனக்கு கணக்கு வரல்ல. அத அப்பிடியே விட்டிருந்தா ஒரு மாசத்துல எல்லாரும் மறந்திருப்பாங்க. இப்ப ஒரு வருஷமா நான் காய்ச்சல்காரியாட்டு நடிச்சிட்டு நடக்கேன்."

"ஒனக்கு வருத்தமா இருக்கும்னு..."

"வருத்தமாத்தான் இருக்கும். இருந்திட்டுப் போட்டும்."

கோப்பை டிசம்பர் முழுக்க காரின் பின் இருக்கையிலேயே உருண்டு கிடந்தது. கடைசியில் ஜெபதாஸ்தான் எடுத்து டிரைவிங் ஸ்கூலின் கண்ணாடி அலமாரியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் செங்கல் சூளைக்குப் போகவில்லை. வீடு மறுபடியும் பழைய வீடானது. ராகேல் காலையில் போய் மாலையில் வந்தாள். பிள்ளையின் நன்மைக்காகத்தானே செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த நியாயம் நிற்கவில்லை. ஜிஷாவுக்காகச் செய்தது பாதி. தனக்கு இன்னொரு மௌனத்தைத் தாங்கத் தெம்பில்லை என்று செய்தது மீதி. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற அளவுக்குக்கூட அவளுக்கு வாரத்தில் ஓய்வு கிடைத்ததில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, பெண்கள் ஐக்கிய சங்கத்து ஞானசெல்வி பிடித்துக்கொண்டாள். அவள் மகளுக்கு இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்த கதையைச் சொல்லி முடித்து, ஜிஷாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"பாவம், அன்னைக்கு அந்தக் காய்ச்சல் வராம இருந்திருந்தா நம்ம ஜிஷாவும் இப்ப..."

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல அக்கா" என்றாள் ராகேல். "கணக்கு வரல்ல, தோத்தா. வெக்கத்துல நான்தான் காய்ச்சல்னு சொன்னேன்."

ஞானசெல்வி "அதுக்கென்ன, அதுக்கென்ன" என்று செருப்பைத் தேடினாள். ஜிஷா பக்கத்தில்தான் நின்றாள். வீட்டுக்கு நடக்கும்போது வழக்கமாக நாலடி முன்னால் போகிறவள், அன்று சேர்ந்து நடந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"மார்ச்ல பூதப்பாண்டி பக்கம் ஒண்ணு வச்சிருக்காங்க."

"வண்டிக்கு ரேடியேட்டர் ஒழுகுது. ஜெபதாஸ் அண்ணன்ட்ட சொல்லணும்."

"வந்தா நெசமா ஓட்டணும்."

"செரி."

பூதப்பாண்டியில் வயலை மண்போட்டு நிரப்பி, மனை விற்பதற்குக் கல் நட்டு வைத்திருந்த இடம். சுற்றிலும் அறுவடையாகி வைக்கோல் கிடந்தது. வெயில் கடுமை. முந்தின நாள் சாயங்காலம் வரை வகுப்பெடுத்த அலுப்பில் ராகேலுக்குக் கண் எரிந்தது. இந்தத் தடவை அவள்தான் முதலில். ஜிஷாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தளரும் என்று தெரியும். கொடி இறங்கியதும் மிதித்தாள். நேர்பாதையில் கடைசி நொடி வரை காலை எடுக்கவில்லை. வண்டி அதிர்ந்தது, கதவு கடகடத்தது, எங்கோ ஒரு நட்டு கழன்று விழுந்தது. அறுபத்தொன்று புள்ளி ஏழு வினாடி. வேர்த்து வழிய இறங்கியவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இதற்குமேல் தன்னால் முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தது. இது போதும், யாரும் இதைத் தாண்டக் கூடாது என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது.

அடுத்து ஜிஷா. பழைய சீறல் இல்லை. பின்பக்கம் வீசவில்லை. கோன்களை உரசுகிறாற்போல் போய், ஒன்றையும் தொடாமல் வந்தாள். பலகையில் எழுதுகிறவர் சாக்பீஸை எடுத்ததும் ராகேல் கிட்டே போனாள். அறுபத்தொன்று புள்ளி இரண்டு.

அரை வினாடி வித்தியாசம். வேறு இரண்டு பேர் இருவரையும்விட வேகமாக வந்திருந்தார்கள். ஜிஷா மூன்று, ராகேல் நான்கு. ஜிஷா கோப்பை வாங்கும்போது ராகேல் கைதட்டினாள். தட்டும்போது உள்ளே ஒரு முள் இருந்தது. பெற்ற பிள்ளையிடம் தோற்றதற்கு இப்படிக் குத்துமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது ஜிஷாதான் ஓட்டினாள். இரண்டு பேர் முகத்திலும் மண் அப்பியிருந்தது.

"நெசமாத்தான் ஓட்டினியா?"

"நெசமாத்தான்."

"வருத்தமா இருக்கா?"

ராகேல் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். இல்லை என்று சொல்ல வாய் பழகியிருந்தது.

"இருக்கு" என்றாள்.

ஜிஷா சிரிக்கவில்லை. ஆனால் அவள் தோள்கள் இறங்கின. நாகர்கோவில் வந்ததும் ஓரமாக நிறுத்தி இரண்டு ரஸவடை வாங்கி வந்தாள். தின்றுகொண்டே அந்த நிரப்பின வயலைப் பற்றி, கதவுச் சத்தத்தைப் பற்றி, முதல் பரிசு வாங்கிய திருவனந்தபுரத்துக்காரி போட்டிருந்த பூட்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ராகேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, உலை வைத்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வருகிறாள். முதல் நாள் வகுப்பு, ஸ்டியரிங்கைப் பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். நினைத்தாலே உடம்பு நொந்தது. அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, அந்த ரெண்டாவது வளைவுல நீ எந்த கியர்ல போன?"

உள்ளே ஜிஷா கோப்பையை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது.

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஜிஷா.