கம்பி கட்டாத முதுகெலும்பு

தங்கையா அந்த வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இரண்டாம் மாடி. எண்பது தாண்டிய மனிதர் கைத்தடியும் மூச்சிரைப்புமாக ஏறிவந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நாகம்மை வைத்த தண்ணீரை ஏறிட்டும் பார்க்கவில்லை. தம்பி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று எந்தக் காலத்திலோ சொன்னவர். தம்பி செத்து ஒரு வருஷமாகியும் அந்த வீம்பு மட்டும் சாகவில்லை.

வரச்சொல்லி ஆள் அனுப்பியது நாகம்மைதான். வேறு வழி இல்லாமல்தான் அனுப்பினாள். அவள் கணவர் வெங்கடேஸ்வரன் தன் உடம்பை மருத்துவ பீடத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். அங்கிருந்து போன கிழமை ஒரு டொக்டர் கதைத்தார். துஷாந்தினி என்று பெயர், உடற்கூற்றியல் படிப்பிக்கிறவர். பிள்ளைகள் அந்த உடம்பில் படித்து முடித்துவிட்டார்கள், மிச்சத்தை மரியாதையாகத் தகனம் செய்து சாம்பலை வீட்டாரிடம் தருவோம் என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். மண்டையோடும் முதுகெலும்பும் நெஞ்சுக்கூடும் மட்டும் அப்படியே இங்கே இருக்கட்டுமா, இந்த மாதிரி ஒன்றை நாங்கள் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறோம், நீங்கள் சம்மதித்தால்தான், இல்லையென்றால் எல்லாவற்றையும் சேர்த்தே எரிப்போம் என்றார்.

சம்மதம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட நாகம்மைக்கு முடியவில்லை. இருப்பது ஒரே மகள், லக்ஷ்மிப்பிரியா, புருஷனோடு டோஹாவில். மகன் இல்லாத வீட்டில் கருமாதி செய்யும் உரிமை கூடப்பிறந்தவனுக்கு என்பது அவர்கள் வழக்கம். வெங்கடேஸ்வரன் செத்த அன்றைக்குத் தங்கையா கொட்டாஞ்சேனையிலிருந்து சொல்லியனுப்பியது இன்றைக்கும் அவள் காதுக்குள் இருந்தது. பிணத்தை வெட்டக் கொடுத்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார். கொள்ளி இல்லை, பால் தெளிப்பு இல்லை, கடலில் கரைக்க ஒரு பிடி சாம்பல் இல்லை. ஒரு வருஷமாக அவள் மாலையில் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போதெல்லாம், இந்த மனுஷன் எந்தத் தெருமுனையில் தாகத்தோடு நிற்கிறாரோ என்று நெஞ்சு பதைக்கும்.

இப்போது சாம்பல் வரப்போகிறது என்று கேள்விப்பட்டுத்தான் தங்கையா இறங்கிவந்திருந்தார். முகத்துவாரத்தில் தானே கரைப்பதாகச் சொன்னார். ஆனால் முழுசாக வரவேண்டும் என்றார்.

"தலை இல்லாம, நெஞ்சு இல்லாம, கையையும் காலையும் கொண்டுபோய்க் கரைக்கச் சொல்றியா? அப்பிடி ஒரு கருமாதி நம்ம வீட்டிலே நடந்ததில்லே நாகம்மை. அங்கே ஒரு எலும்பை விட்டாலும் நான் கை வைக்க மாட்டேன்."

நாகம்மைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவர் இப்போது எலும்புக்குக் கணக்குக் கேட்கிறார். ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்லிவிட்டால் கருமாதி போய்விடும். கணவரின் கடைசி ஆசையைக் காப்பாற்றுவதா, அவருக்குச் சேரவேண்டிய தண்ணீரையும் எள்ளையும் வாங்கிக் கொடுப்பதா என்று அவள் கதவில் சாய்ந்தபடி நின்றாள்.

இத்தனைக்கும் காரணம் அந்த அண்ணன் தம்பியின் அப்பா செத்த நாள். தொண்ணூறாம் வருஷம், கொட்டாஞ்சேனையில் பழைய வீடு. புறக்கோட்டை மொத்தக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் வாசலை அடைத்து நின்றார்கள். பாடை தூக்குமுன் பிள்ளைகள் சுற்றிவந்து விழுந்து கும்பிட வேண்டும். தங்கையா விழுந்து எழுந்தார். முப்பத்தெட்டு வயது வெங்கடேஸ்வரன் கைகூப்பியபடி நின்றார், நின்றபடியே இருந்தார். சனம் முணுமுணுத்தது. தங்கையா தம்பியின் பிடரியில் கைவைத்து, "விழுடா" என்று அமுக்கினார். வெங்கடேஸ்வரன் ஒரு சத்தம் போட்டு அந்தக் கையைத் தட்டிவிட்டார். தட்டிய வேகத்தில் அண்ணன் பாடையில் போய் மோதினார். அவ்வளவுதான். அப்பன் பிணத்துக்கு முன்னாலேயே அண்ணனை அடித்தவன் என்று அன்று மாலைக்குள் செட்டியார் தெரு முழுக்கப் பேச்சு. அப்பாவின் கடையிலிருந்து வெங்கடேஸ்வரன் வெளியேறினார். கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் ஒரு லோயரிடம் தட்டச்சு வேலைக்குப் போனார். அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது.

அந்த முதுகைப் பற்றி ஊருக்குத் தெரியாதது நாகம்மைக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் விடியற்காலையில் எழும்பக் கஷ்டப்படுவார். வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தாள். வருஷம் போகப்போக முதுகு பலகை மாதிரி ஆனது. செருப்பின் வாரை அவள் மாட்டிவிட வேண்டும், கால் நகத்தை அவள் வெட்டிவிட வேண்டும். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் ஆளோடு திரும்புவார். தும்மினால் கண்ணில் நீர் வந்துவிடும். தலையாட்ட முடியாததால் ஆமாம் என்பதற்குக் கண்ணை மூடித் திறப்பார். தெரியாதவர்கள் அதையும் அலட்சியம் என்றார்கள். ஜிந்துப்பிட்டி முருகன் முன்னால்கூட நெஞ்சு நிமிர்த்தி நின்று கும்பிட்டுவிட்டு வருவார். எவ்வளவு திமிர் பார் என்று பின்னால் நின்ற பெண்கள் சொன்னதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிக்கொண்டு வருகின்றன என்றார். நாகம்மை அந்தப் படத்தைச் சேலைத்தலைப்பில் மறைத்துக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோகப் புறப்பட்டாள். வெங்கடேஸ்வரன் வாசலில் மறித்தார்.

"அண்ணன் என்னை நம்பணும். படத்தை நம்பி ஒண்ணும் ஆக வேணாம்."

அங்கேதான் நாகம்மைக்கு அவர்மேல் கோபம். குனிய முடியாத மனுஷன்தான், மறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து முடியவில்லை என்று சொல்வதற்கு முதுகு எதற்கு? அண்ணனுக்கு இருந்த வீம்பில் தம்பிக்கும் பாதி இருந்தது, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. தாய் சின்ன வயதிலேயே போய்விட, அவரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதே அந்த அண்ணன்தான். ஒருநாள் திருநீறு கண்ணில் விழுந்து அழுதாராம். அன்றிலிருந்து அண்ணன் இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டுதான் பூசிவிடுவாராம். வருஷப்பிறப்பு தவறாமல் வெங்கடேஸ்வரன் இதைச் சொல்வார். சொல்லிவிட்டுக் கோயில் திருநீற்றைத் தானே பூசிக்கொள்வார். உடம்பை எழுதிவைத்த அன்றைக்கும், உயிரோடு இருக்கும்வரை முதுகை யாருக்கும் காட்டமாட்டேன், போனபிறகு பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் சொன்னார்.

பார்க்கிறவர்கள் என்று அவர் யாரை நினைத்திருப்பார்? கதிரை நுனியில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்ததும் நாகம்மைக்கு அது விளங்கியது.

"அத்தான், ஒருதடவை வந்து பாருங்க. பாத்துட்டு முழுசா வேணும்னு சொன்னீங்கன்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். முழுசாவே வாங்கிக்கலாம்."

பிணத்தைப் பார்க்கவே வராதவன் எலும்பைப் பார்க்க வருவேனா என்றார். உடனே எழுந்து போகவும் இல்லை. போவதென்றால் வெயிலுக்கு முன்னால் போகவேண்டும் என்று கொஞ்ச நேரம் கழித்து முணுமுணுத்தார்.

அடுத்த நாள் த்ரீவீலரில் போய் இறங்கினார்கள். வாசற்காவலாளி யாரைப் பார்க்க என்று சிங்களத்தில் கேட்டான். புறக்கோட்டையில் ஆயுசு முழுக்கச் சிங்களத்தில் வியாபாரம் செய்த தங்கையா யோசிக்காமல், "மல்லிவ பலன்ன ஆவே" என்றார். தம்பியைப் பார்க்க வந்தோம் என்று. மல்லி எந்தப் பகுதியில் வேலை செய்கிறார் என்று காவலாளி மரியாதையாகக் கேட்டான். நாகம்மை டொக்டரின் பெயரைச் சொல்லி உள்ளே கூட்டிப்போனாள்.

துஷாந்தினிக்கு நாற்பது வயது இருக்கும். கதிரை போட்டு இருவரையும் உட்காரவைத்து, முதலில் உங்களுடையவரைக் காட்டமாட்டேன், எல்லாருக்கும் இருக்கிற எலும்பைப் பாருங்கள் என்று மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது கலகலவென்று ஆடியது. கழுத்தில் ஏழு, நெஞ்சுக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொன்றும் தனித்தனி, செத்தபிறகு கம்பி கோத்தால்தான் நிற்கும். விலாவெலும்புகள் மூச்செடுக்கும்போது வாளியின் பிடி மாதிரி மேலே எழும்பித் தணியும். மண்டையோடு கழுத்தின் முதலாம் எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. ஓம் என்று தலையாட்டுவது அதில், இல்லை என்று ஆட்டுவது இரண்டாவதில். சொல்லிக்கொண்டே அந்தத் தலையை இரண்டு விதமாகவும் ஆட்டிக் காட்டினார். பிறகு கண்ணாடி அலுமாரியைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை விலக்கினார்.

மேல் தட்டில் வெங்கடேஸ்வரன் நேராக நின்றார். ஒரு கம்பி இல்லை. இடுப்பிலிருந்து மண்டையோடு வரைக்கும் ஒரே எலும்பு, கணுக்கணுவாக, மூங்கில் மாதிரி. விலாவெலும்புகள் பின்னால் முதுகோடு உருகி ஒட்டியிருந்தன. நெற்றிக்கு மேலே, மூளையை எடுப்பதற்காக அறுத்த கோடு சுற்றிவர ஓடியது. நாகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எண்ணெய் தேய்த்த கைக்கு அந்தக் கணுக்கள் எல்லாம் தெரிந்தவை. கடைசிக் காலத்தில் நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்க அவர் மூச்சுவிட்டது நினைவுக்கு வந்து அவளுக்கு அழுகை முட்டியது.

தங்கையா எழுந்து கிட்டப் போனார். வயதினால் கூனிப்போன மனிதர். தம்பியின் முகத்தைப் பார்க்க அவர் அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"இது எப்போலேருந்தும்மா இப்பிடி?"

"இருவது இருவத்தஞ்சு வயசிலை துடங்கும் ஐயா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறுகும். இவருக்கு முப்பத்தஞ்சுக்குள்ளையே கழுத்து இறுகியிருக்கும் எண்டுதான் நினைக்கிறன்."

"முப்பத்தெட்டு வயசிலே குனிஞ்சு விழுந்து கும்பிட முடிஞ்சிருக்குமா?"

"ஏலாது ஐயா. சாகும் வரைக்கும் ஏலாது."

நாகம்மை நினைத்தாள், இந்தச் சொல் போதும், இனிக் கேட்கவேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று. இத்தனை வருஷமும் அவள் காத்திருந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். அது வந்ததும் சந்தோஷம் வரவில்லை, கிழவர்மேல் பரிதாபம்தான் வந்தது. ஆனால் தங்கையா நிறுத்தவில்லை. தன் வலது கையை ஒருதடவை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாராச்சும் பிடரியிலே கை வெச்சு அமுக்கியிருந்தா?"

துஷாந்தினி யோசிக்காமல் பதில் சொன்னார். பாடம் கேட்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"முறிஞ்சிருக்கும். பாக்கத்தான் இரும்பு மாதிரி, கரும்பலகையிலை எழுதுற வெண்கட்டி போலை படக்கெண்டு உடையும். கழுத்திலை முறிஞ்சா அந்த இடத்திலையே ஆள் முடிஞ்சுபோகும். ஏன் ஐயா, ஆராவது அப்பிடிச் செய்தவையே?"

தங்கையா விரித்த கையை மெதுவாக மூடிக்கொண்டார். நாகம்மைக்கே அது அன்றுதான் தெரிந்தது. வெங்கடேஸ்வரன் போட்ட சத்தத்தைக் கோபம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அது வலி, உயிர்ப் பயம். அண்ணனை அடிக்கவில்லை அவர். அண்ணன் கையால் சாகாமல் தப்பினார். அதையும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். சொன்னால் அண்ணன் தாங்கமாட்டார் என்றுதானா? அப்படியானால் வீம்பு என்று அவள் திட்டியதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? கேட்க ஆள் இல்லை.

"நாகம்மை," என்றார் தங்கையா, திரும்பாமலே. "கையெழுத்துப் போட்டுக் குடுத்திரு. இவன் இங்கேயே நிக்கட்டும். மிச்சத்தை நான் கரைக்கிறேன். எல்லாம் நான் செய்றேன்."

அவள் சரி என்றாள்.

தங்கையா கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு இடுப்பு வேட்டி மடிப்பைத் துழாவினார். கடை திறக்கும்போது பூசிக்கொள்வதற்காக எந்நேரமும் வைத்திருக்கும் சின்னத் திருநீற்றுப் பொட்டலம். அதைப் பிரித்தார். பொருட்களைத் தொடக்கூடாது என்று சுவரில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. துஷாந்தினி தடுக்க ஓரடி வைத்து, நாகம்மையின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அன்னைக்கு நீ என் கையைத் தட்டிவிட்டது நல்லதுடா வெங்கிட்டு," என்றார் கிழவர்.

மூன்று விரலில் திருநீற்றை எடுத்தார். கூனிய உடம்பை முடிந்தமட்டும் நிமிர்த்தி, குதிகால் தூக்கி எட்டி, அறுத்த கோட்டுக்குக் கீழே அந்த நெற்றியில் பூசினார். பூசும்போது, தூள் உதிர்ந்து கண்ணில் விழுந்துவிடாதபடி, இடது உள்ளங்கையை அந்த இரண்டு குழிகளுக்கும் மேலே மறைவாகப் பிடித்துக்கொண்டார்.